மிதித்தும் ஓடாத கார்: "திராட்டிலை மாற்று" என்றால் உடனே பணம் கட்டலாமா?

(நமது தங்கவயல் நிருபர்)

ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தால் பானெட்டிலிருந்து ஒரு சணல் கயிற்றை இழுத்து வந்து, ஜன்னல் வழியாகக் கையில் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்த டிரைவர்கள் தங்கவயலில் இன்னும் இருக்கிறார்கள். மாருதி 800, ஆம்னி வேன் காலத்துக் கதை அது. புதுக் கேபிள் வாங்க ஒரு நாள் பேட்டா போதும்.

இப்போது வரும் கார்களில் கயிறு கட்டுவதற்குக் கேபிளே கிடையாது. காலுக்கும் என்ஜினுக்கும் நடுவே சில மெல்லிய மின்கம்பிகளும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியும் உட்கார்ந்திருக்கின்றன. அவை மக்கர் செய்தால் கார் நின்றுவிடுவதில்லை. அதுதான் வேடிக்கை. எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி போல ஊர்ந்து போகும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். பட்டறைக்குப் போனால், "திராட்டில் போயிடுச்சு, செட்டாக மாத்தணும்" என்பார்கள். பில் பல ஆயிரங்களில் வரும்.

அந்த பில்லைக் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு. 2001 பிப்ரவரி 28-ந் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பெங்களூரை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். ரயிலில் போய் வருகிறவர்கள் போக, கடனுக்குக் கார் எடுத்து டாக்சி ஓட்டுகிறவர்களும் ஒவ்வொரு லைனிலும் இருக்கிறார்கள். வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றால் அந்த மாதத் தவணை நிற்கும்.

மூன்றாம் நாள் மறுபடியும்

சாம்பியன் ரீப்ஸைச் சேர்ந்த ஒரு வாலிபர். அப்பா சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். இவர் பெங்களூரில் தங்கி டாக்சி ஓட்டுகிறார். ஒரு நாள் இரவு ஹொசகோட்டை அருகே வரும்போது விளக்கு எரிந்தது. கார் நொண்டியது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, ஓரமாகவே ஊர்ந்து போய் நகரத்தில் ஒரு பட்டறையில் விட்டார். அவர்கள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு எலக்ட்ரானிக் திராட்டிலை மாற்றினார்கள். ஒன்றரை மாதத் தவணைக்கு மேல் செலவு. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் அதே விளக்கு, அதே நொண்டல்.

"இன்னொரு பெட்டி போயிருக்கும், கம்ப்யூட்டரையே மாத்திப் பார்க்கலாம்" என்றார்களாம். மனிதர் பயந்து வண்டியை ஊருக்குக் கொண்டு வந்துவிட்டார்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். வயது 50-ஐத் தாண்டியவர். கார்புரேட்டர் கழற்றிப் பழகிய கை. அவர் பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து 16 கால் சாக்கெட்டில் ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகினார். திரையில் ஒரு எண் வந்தது: பி 2138.

"தம்பி, அவங்க மாத்தினது எதை?"

"திராட்டில் பாடி அண்ணே."

"இது 2138. 2135 வந்தாத்தான் திராட்டில் பக்கம். 2138-னா உன் கால் பக்கம். பெடல்."

பெடலின் மேலே உள்ள கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பாசி போலத் துரு. மழையில் கண்ணாடி ஓரமாக ஒழுகிய தண்ணீர் அங்கேதான் இறங்கியிருக்கிறது. சுத்தம் செய்து, கால்களை லேசாக இறுக்கி, ஒழுகலை அடைத்துக் கொடுத்தார். கார் இன்றும் ஓடுகிறது. கழற்றிய பழைய திராட்டில் நல்ல பொருள்தான். அது யார் கைக்குப் போயிற்று என்பது அந்தப் பட்டறைக்குத்தான் வெளிச்சம். பழைய பாகத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்று வாலிபருக்கு அப்போது தோன்றவில்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

என்ஜினுக்குள் காற்று போகிற வழியில் ஒரு வட்டத் தகடு உண்டு. மெக்கானிக்குகள் பட்டர்பிளை என்பார்கள். அது எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு காற்று, அதற்கேற்ற பெட்ரோல், அவ்வளவு வேகம். முன்பெல்லாம் அந்தத் தகட்டைக் கேபிள் நேராக இழுத்தது. நம் கால்தான் எஜமான்.

இப்போது கால் மனுப் போடுகிறது. கம்ப்யூட்டர் உத்தரவு போடுகிறது. பெடலில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. கால் எவ்வளவு இறங்கியது என்பதை இரண்டும் தனித்தனியாக, வேறு வேறு வோல்ட் கணக்கில் சொல்லும். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் கம்ப்யூட்டர் நம்பும். பிறகு திராட்டில் பாடியில் உள்ள சிறு மோட்டாருக்கு மின்சாரம் போகும். மோட்டார் பல்சக்கரங்களைச் சுழற்றித் தகட்டைத் திறக்கும். தகடு எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல அங்கேயும் இரண்டு சென்சார்கள். ஒரே வேலைக்கு இரண்டு சாட்சி எதற்கு என்றால், ஒரு சாட்சி பொய் சொன்னால் கண்டுபிடிப்பதற்குத்தான்.

சாட்சிகள் முரண்பட்டால் கம்ப்யூட்டர் மோட்டாரை நிறுத்திவிடும். தகட்டை ஸ்பிரிங்குகள் ஒரு சிறு திறப்பில் நிறுத்தி வைக்கும். அந்தக் கொஞ்சக் காற்றில்தான் கார் ஊர்ந்து போகிறது. ஆகவே நொண்டுவதைக் கண்டு திட்ட வேண்டாம். அது ஓடாமல் போனதல்ல, ஓடிவிடாமல் தடுத்தது.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் என்ஜினின் வேகத்தைக் காற்றுத் தகடு தீர்மானிப்பதில்லை, டீசல் அளவுதான் தீர்மானிக்கிறது. பல டீசல் கார்களில் தகடு இருந்தாலும் அதன் வேலை வேறு. ஆனால் பெடல் சென்சார் அங்கேயும் உண்டு. அது கெட்டால் அங்கேயும் இதே நொண்டல்தான். டீசல் காரில் வேகம் ஏறவில்லை என்றதும் திராட்டிலை மாற்றச் சொன்னால் இன்னொரு இடத்திலும் காட்டுங்கள்.

ரயிலுக்கு இது பழசு

எங்கள் ரயில்வேக்காரர்களுக்கு இதெல்லாம் புதுமையல்ல. வாரணாசி தொழிற்சாலை 1964-ல் முதல் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் என்ஜினை வெளியிட்டது. டிரைவர் கையில் உள்ள திராட்டில் கைப்பிடிக்கு 8 படிகள், 'நாட்ச்' என்போம். அந்தக் கைப்பிடியிலிருந்து என்ஜினுக்கு இரும்புக் கம்பி எதுவும் போவதில்லை. எந்த நாட்ச் என்ற செய்தி மின்சாரமாகக் கவர்னருக்குப் போகும். எண்ணெயைக் கூட்டுவதும் குறைப்பதும் கவர்னர் வேலை. இரண்டு என்ஜினைக் கோத்து ஒரே டிரைவர் ஓட்ட முடிந்ததற்கு இதுவே காரணம்.

தங்கவயல் பெரியவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும் உதாரணம் ஒன்று உண்டு. வைண்டிங் என்ஜின் டிரைவர் எந்தக் காலத்தில் கூண்டைக் கண்ணால் பார்த்து ஓட்டினார்? ஆயிரக்கணக்கான அடி கீழே ஆட்கள் ஏறுகிறார்கள். மேலே அவருக்குக் கேட்பது மணி, தெரிவது ஆழம் காட்டும் முள். கூண்டு அளவுக்கு மீறிய வேகத்தில் வந்தால் பிரேக்கைத் தானே போடும் கருவியும் பக்கத்தில் இருக்கும். மணியில் சந்தேகம் வந்தால் டிரைவர் கூண்டை அசைக்கக் கூடாது. இன்றைய காரின் கம்ப்யூட்டர் பெட்டி செய்வதும் அதே காரியம்.

கார்களில் இந்த ஏற்பாடு 1980-களின் பின்பாதியில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. பெரிய கார்களில் தலைகாட்டியது. அதற்கு முன்னோடியாக உழைத்த பாஷ் நிறுவனம் நமக்கு அந்நியமல்ல. 1951-ல் 'மைக்கோ' என்ற பெயரில் தொடங்கி, பெங்களூர் ஆடுகோடியில் இருந்ததும் அதன் கிளைதான். 2008-ல்தான் பாஷ் என்று பெயர் மாறியது. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக, காற்றையும் பெட்ரோலையும் ஒரே கம்ப்யூட்டர் அளந்தால்தான் சரிப்படும் என்றாயிற்று. 2017 ஏப்ரலில் பாரத் 4 விதி நாடு முழுவதும் வந்தது, 2020 ஏப்ரலில் பாரத் 6. கேபிள் கார்கள் ஷோரூமிலிருந்து விடைபெற்றன.

அமெரிக்காவில் நடந்த கூத்து

இந்தப் பெட்டி உலகத்தையே ஆட்டிவைத்த கதைகள் இரண்டு. முதலாவது வால்வோ. 1999 முதல் விற்ற சில மாடல்களில் திராட்டில் பெட்டி சீக்கிரமே கெட்டது. உள்ளே தகட்டின் நிலையைச் சொல்லும் சென்சார் உரசி ஓடும் வகை. ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழ் நாளடைவில் கரகரவென்று சத்தம் போடுமே, அது போன்ற தேய்மானம். கார் நடுரோட்டில் நொண்டியது. புதுப் பெட்டி போட்டாலும் கம்பெனி டீலர் வந்து மென்பொருள் ஏற்றினால்தான் கார் அதை ஏற்றுக்கொள்ளும். வெளி மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கலிபோர்னியா மாநிலத்தின் காற்று வள வாரியம் விசாரணையில் இறங்கிய பிறகு, அந்தப் பெட்டிக்கு மட்டும் 10 ஆண்டு அல்லது 2 லட்சம் மைல் வரை உத்தரவாதம் நீட்டிக்கப்பட்டது. உரசும் சென்சாருக்குப் பதிலாக உரசாத காந்த வகை பல கார்களில் வந்துவிட்டது. பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது டொயோட்டா. 2009 ஆகஸ்டில் சான் டியாகோ அருகே ஒரு லெக்சஸ் கார் கட்டுமீறி ஓடி 4 பேர் இறந்தனர். பெட்டியில்தான் பேய் இருக்கிறது என்று நாடே பேசியது. நாசா என்ஜினீயர்கள் 10 மாதம் குடைந்து பார்த்தார்கள். 2011 பிப்ரவரியில் வந்த அறிக்கையில், கட்டுமீறிய ஓட்டத்துக்கு எலக்ட்ரானிக் கோளாறு காரணம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்கள். அந்த சான் டியாகோ காரில் சிக்கியது எது தெரியுமா? பெடலில் மாட்டிக்கொண்ட ரப்பர் தரை விரிப்பு! வேறு மாடல்களில் பெடலே ஒட்டிக்கொள்ளும் குறையும் இருந்தது. இவற்றை மறைத்துப் பேசியதற்காக 2014 மார்ச்சில் அந்த நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டியது.

நம் டாக்சிகளில் கம்பெனி விரிப்பு மேல் ஒரு ரப்பர் விரிப்பு, அதற்கு மேல் பூப்போட்ட கம்பளம் என்று மூன்று அடுக்கு போடுகிறவர்களைப் பார்க்கிறேன். பயணிக்கு அழகாக இருக்கலாம். டிரைவர் பக்கம் ஒன்று போதும், அதுவும் கொக்கியில் மாட்டியது.

மாற்றுவதற்கு முன் எதைப் பார்ப்பது?

ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக்கின் முறையை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் எண். அவரிடம் ஸ்கேனர் இல்லாத நாளில் ஒரு வாடிக்கையாளரின் செல்போனில் பார்த்திருக்கிறார். சாக்கெட்டில் செருகும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செல்போனில் எண் தெரியும். 2135 என்றால் திராட்டிலின் இரு சென்சார்களுக்குள் முரண்பாடு. 2138 என்றால் பெடலின் இரு சென்சார்களுக்குள் முரண்பாடு. 2101 என்றால் திராட்டில் மோட்டாரின் சர்க்யூட். எண் வந்துவிட்டது என்பதால் பாகம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தத் தெருவில் தகராறு என்று சொல்கிறதே தவிர, எந்த வீடு என்று சொல்வதில்லை.

அடுத்து பேட்டரி, எர்த் வயர். பேட்டரி வலுவிழந்து வோல்ட் இறங்கினாலே சென்சார் கணக்குகள் குழம்பும். அதற்கடுத்து கம்பிகள். தெருவோரம் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த கம்பிதான் அடிக்கடி அகப்படுகிறது என்கிறார். "எலி கடிச்சதுக்கு எதுக்குய்யா திராட்டில் மாத்தணும்? எலியைப் பிடி!" என்பது அவருடைய வாடிக்கையான பேச்சு.

அதற்கும் பிறகு அழுக்கு. தகட்டின் விளிம்பில் கரி படிந்தால் அது சரியாக மூடாது, என்ஜின் சிக்னலில் நிற்கும்போது குலுங்கும், அணையும். இதற்கு மாற்ற வேண்டியதில்லை. அதற்கென்று விற்கும் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் துடைத்தால் போதும். சாவியை எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். சாவி போட்ட நிலையில் விரலை விட்டால் மோட்டார் தகட்டை மூடி விரலைப் பதம் பார்த்துவிடும். பலவந்தமாகத் தள்ளினால் உள்ளேயுள்ள பிளாஸ்டிக் பற்கள் உடையும். நல்ல பெட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று கெடுத்தவர்கள் பலர்.

தங்கவயல்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சயனைடு மேட்டிலிருந்து கோடையில் எழும் வெள்ளைத் தூசி வீட்டுச் சோற்றில் விழுவது போல ஏர் பில்டரிலும் விழுகிறது. பில்டரைப் புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்குக்கு முன்பே பார்த்து மாற்றுங்கள். கிழிந்த பில்டர் வழியாகப் போன மண் நேராகத் தகட்டின் அச்சில்தான் போய் உட்காரும்.

மாற்றத்தான் வேண்டுமென்றால்

சில சமயம் பெட்டி உண்மையிலேயே போயிருக்கும். மோட்டார் எரிந்திருக்கும், பல் உடைந்திருக்கும், சென்சார் தேய்ந்திருக்கும். அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும். கழற்றி மாட்டுவது பெரிய வித்தையல்ல. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். காற்றுக் குழாய், கனெக்டர், பெரும்பாலும் நான்கு போல்ட். சில கார்களில் ரேடியேட்டர் தண்ணீரும் அதன் வழியே போகும். என்ஜின் ஆறாமல் கை வைத்தால் வெந்துவிடும். பழைய கேஸ்கெட்டை மறுபடி போடக் கூடாது. போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். பாகத்தின் நம்பர் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றாக இருப்பது போதாது.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். புதுத் தகடு முழுதாக மூடும் இடம் எது, திறக்கும் இடம் எது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். சில கார்களில் பெடலைத் தொடாமல், என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டுச் சிறிது நேரம் விட்டால் தானே கற்றுக்கொள்ளும். சிலவற்றில் ஸ்கேனர் வழியாகத்தான் முடியும். எந்தக் காருக்கு எது என்பது அந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். இதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்தால் என்ஜின் ஏறி இறங்கிக் கத்தும். வாடிக்கையாளர் திரும்பி வருவார், "புதுப் பெட்டியும் டூப்ளிகேட்" என்பார்கள், இன்னொரு பெட்டி விற்பனையாகும்.

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் புதிதும், சிவாஜிநகர் குஜரியில் பழசும் கிடைக்கும். பழசு வாங்குவதில் தவறில்லை என்கிறார் நம் மெக்கானிக். ஆனால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால் மட்டும்.

ஓடும்போது வந்துவிட்டால்

நொண்ட ஆரம்பித்தால் பதற்றம் வேண்டாம். நான்கு விளக்கையும் ஒளிரவிட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். பேத்தமங்கலம் வழியாகப் போகும் சென்னை அதிவேகச் சாலையில் இது உயிர்ப் பிரச்சினை. மற்ற வண்டிகள் நூறைத் தொட்டு வரும்போது நீங்கள் இருபதில் போகக் கூடாது. பயணிகளை இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள்.

அரிதாக எதிர்மாறாக, மிதிக்காமலே கார் சீறினால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். என்ஜின் அலறினால் அலறட்டும். வண்டி நின்ற பிறகுதான் சாவியை எடுக்க வேண்டும். ஓடும்போது எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இப்போதைய பல கார்களில் பிரேக்கை மிதித்தாலே ஆக்சிலேட்டர் உத்தரவு ரத்தாகும் ஏற்பாடு உண்டு. உங்கள் காரில் இருக்கிறதா என்று விற்பவரைக் கேளுங்கள்.

பில் விஷயம். மாற்றிய பாகத்தின் நம்பரும், மாற்றுவதற்கு முன் ஸ்கேனர் காட்டிய எண்ணும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். தேவையில்லாமல் மாற்றியதாகத் தெரிந்தால் கோலாரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்கோ வேலைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. எழுத்தில் ஆதாரம் இருந்தால்தான் அங்கே பேச முடியும்.

சாம்பியன் ரீப்ஸ் வாலிபரிடம் இருந்தது "திராட்டில் அசெம்பிளி - 1" என்று ஒரே வரி எழுதிய துண்டுச் சீட்டு. ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக்கோ, கனெக்டர் சுத்தம் செய்த சின்ன வேலைக்கும் ரசீதில் 2138 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடைய பட்டறைச் சுவரில் வெட்டித் திறந்த திராட்டில் பாடி ஒன்று ஆணியில் தொங்குகிறது. உள்ளே பல்சக்கரங்கள் தெரியும். வருகிறவர்களுக்கு ஸ்குரூ டிரைவரால் சுற்றிக் காட்டுகிறார். ஐ.டி.ஐ. முடித்த இரண்டு பையன்கள் அவரிடம் வேலை கற்கிறார்கள். ஸ்கேனரை அவர்கள் அவருக்குச் சொல்லித் தந்தார்களாம். போல்ட் முறுக்கும் பக்குவத்தை அவர் அவர்களுக்குச் சொல்லித் தருகிறார்.